கொடையும் நிபந்தனையும் புகழும்: தொண்டு நிறுவனங்களின் நிலை பற்றிய ஒரு திறனாய்வு

திருவள்ளுவர் இல்லறவியலின் இறுதியிலே ஒப்புரவறிதல், ஈகை, புகழ் என்னும் மூன்று அதிகாரங்களை முறையே 22, 23, 24 என்னும் எண்ணமைப்பில் அடுத்தடுத்து வைத்துள்ளார். இவ்வைப்புமுறை சிந்திக்கத்தக்கது. ஊரார்க்கு உதவுதல் தன் கடமை என்று உணர்தல் முதலாவது. இல்லாதவர்க்குக் கொடுத்தல் இரண்டாவது. இவ்விரண்டின் வழியே தானாக வந்து சேர்வது புகழ். கடமையுணர்ச்சி கொடையைப் பிறப்பிக்கின்றது. கொடை புகழைப் பிறப்பிக்கின்றது. புகழைத் தேடிக் கொடை செய்தலும், கொடையைப் பெறுதற்காகக் கடமையை மாற்றிக்கொள்ளலும் இம்முறைக்கு மாறானவை.

இக்காலத்துத் தொண்டு நிறுவனங்களின் நிலையை நோக்குவோர்க்கு இம்முறை தலைகீழாகத் தோன்றுதல் வியப்பன்று. பதிவு பெற்றாலன்றிப் பணம் வருவதில்லை. பணம் வந்தாலன்றிப் பணி நடப்பதில்லை. பணி நடந்தது என்று வெளியார் சான்று கூறினாலன்றிப் பெயர் நிலைப்பதில்லை. பெயர் நிலைத்தாலன்றி மறுபடியும் பணம் வருவதில்லை. இவ்வட்டத்துள் அகப்பட்ட நிறுவனம் யாருக்காகத் தோன்றியதோ அவரை மறந்து, யாரிடம் பணம் பெறுகின்றதோ அவரையே நினைந்து வாழ நேர்கின்றது. இது தனிமனிதர் சிலரின் குற்றமா, அன்றிப் பணமும் அங்கீகாரமும் வந்து சேரும் வழியிலேயே அமைந்த குற்றமா என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். இலங்கைத் தமிழர், சிறப்பாக இந்துக்கள், கடந்த நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ட அனுபவமே இதற்கு ஏற்ற சான்று. அயலாரிடமிருந்து உதாரணம் தேடவேண்டியதில்லை.

கல்லில் வெட்டிய கணக்கு

பொதுக் கொடைக்குப் பொது அங்கீகாரம் அளித்தல் நமக்குப் புதிய வழக்கமன்று. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை கொடையைப் பதிந்தவையே. ஒரு நந்தாவிளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகள் கொடுத்த செய்தி எத்தனையோ இடங்களில் வருகின்றது. அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் கூறும். ஆடு இறந்தாலும் மூத்தாலும் கன்றுகளால் எண்ணிக்கையை நிரப்பி, மூலதனம் குறையாது காக்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வெட்டப்பட்டது. ஈற்றில் இத்தருமம் பன்மாகேசுவர ரட்சை என்று முடியும்.

இங்கே மூன்று செய்திகளைக் கவனித்தல் வேண்டும். கொடுத்தவர் பெயர் தனியே நிற்பதில்லை. கொடுத்த பொருளின் அளவும், அதனாற் செய்யவேண்டிய பணியும், பணியை ஏற்றவர் பொறுப்பும் அதே கல்லில் உள்ளன. ஆதலால் அது புகழுரை மாத்திரமன்று, கணக்குமாகும். இரண்டாவது, அக்கணக்கு அரசனுடைய ஓலைச்சாலையில் மறைந்து கிடவாது, வழிபடவருவோர் யாவரும் காணும் சுவரில் நின்றது. மூன்றாவது, காவல் கொடுத்தவரிடமும் இல்லை, பெற்றவரிடமும் இல்லை, அடியார் கூட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டது. புகழும் கணக்கும் காவலும் ஒருங்கே நின்ற ஏற்பாடு அது. அக்கால ஏற்பாடுகள் யாவும் குற்றமற்றவை என்பது நம் கருத்தன்று. கோயிலுட் புகுந்து அக்கல்லைக் காணவும் அனுமதி பெறாதார் பலர் இருந்தனர். எனினும் பின்வந்த ஏற்பாடுகளை அளந்து பார்ப்பதற்கு இது நல்லதோர் அளவுகோல்.

மானியத்தின் வரவு

ஆங்கிலேயர் ஆட்சியிலே இலங்கைக் கல்வி பெரும்பாலும் தொண்டர் கையிலேயே இருந்தது. 1814இல் வெஸ்லியன் மிஷனரிமாரும் 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும் வந்து பாடசாலைகளை நிறுவினர். அவர்களுக்குக் கடல் கடந்த சபைகளின் பொருளும், காலப்போக்கில் அரசாங்கத்தின் உதவிப்பணமும் கிடைத்தன. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தபோது அவருக்கு இவ்விரண்டும் இல்லை. ஊரார் கொடையே துணை. 1872இல் அவர் நிறுவிய சைவாங்கில வித்தியாசாலை நான்கு ஆண்டுகளில் பொருள் முட்டினால் மூடப்பட்டது. நாவலரைப் போன்ற பெருமகனார்க்கும், கொடுக்கும் மனமுடைய ஊருக்கும், ஆங்கிலப் பாடசாலை ஒன்றை நிலைநிறுத்த இயலாது போயிற்று என்பது தனிக்கொடையின் எல்லையை நன்கு காட்டுகின்றது. தனிக்கொடையையே போற்றி அரச உதவியை இகழ்வோர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. சமயச் சார்பு நோக்காது, பொதுப் பாடங்களிற் பிள்ளைகள் காட்டும் தேர்ச்சிக்கேற்பப் பணம் கொடுக்கும் முறை அதனையடுத்து நடைமுறைக்கு வந்தது. கொள்கையளவில் இது சைவர்க்கும் பௌத்தர்க்கும் கதவைத் திறந்தது. ஆயினும் முன்னரே பாடசாலை உள்ள இடத்துக்கு அணித்தாக வேறொன்று தோன்றின் அதற்கு உதவிப்பணம் இல்லை என்ற விதி, முன்வந்தவர்க்கே பயனளித்தது. விதி யாவர்க்கும் ஒன்றாயினும் ஓட்டப்பந்தயத்திற் சிலர் பாதிவழி ஓடிய பின்னரே மற்றையோர் புறப்பட அனுமதி பெற்றனர். நிதி வழங்கும் முறை வெளிப்பார்வைக்கு நடுநிலையானதாக இருந்தும் விளைவில் ஒருபக்கம் சார்ந்ததாக இருத்தல் கூடும் என்பதற்கு இது சான்று.

இந்நிலையிலேதான் சைவர் சங்கமாகக் கூடினர். 1888இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. 1889இல் இந்துசாதனம் பத்திரிகை வெளிவந்தது. பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையை 1890இல் அச்சபை பொறுப்பேற்றது. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் நிறுவப்பட்டது. இந்து போட் இராசரத்தினம் என்று மக்கள் அழைத்த சு. இராசரத்தினத்தின் அயராத உழைப்பினால் அச்சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தும் நிலையை அடைந்தது. காணியும் கட்டிடமும் ஊராருடையவை; ஆசிரியர் வேதனத்துக்கு அரசாங்க உதவிப்பணம்; நடுவே முகாமையாளர். தொண்டும் அரசும் கைகோத்த ஏற்பாடாக இதனைக் கொள்ளலாம். இதனாற் பயன்பெற்ற பிள்ளைகள் பல்லாயிரவர். இம்மலரைப் படிப்போரிற் பலருடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் அவர்களுள் அடங்குவர்.

நிபந்தனை யாருக்குக் காவல்?

உதவிப்பணம் வரும்போது நிபந்தனையும் வருகின்றது. நிபந்தனை என்றவுடனே அதனை அடிமைத்தளை என்று கூறுதல் எளிது. ஆனால் நம் வரலாறு அத்துணை எளிதன்று.

1920களின் பிற்பகுதி வரையும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றையோருடன் சமமாக அமர அனுமதிக்கப்படவில்லை. நிலத்திலும் புறத்திலும் இருந்தே அவர்கள் கற்றனர். கற்க இடமே பெறாதாரும் பலர். அரசாங்க உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று கல்வித்திணைக்களம் விதித்தபோது, அதற்கு எழுந்த எதிர்ப்பு கடுமையானது. பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. 1924இல் மாணவர் சங்கமாகத் தோன்றி, வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தினர் சமத்துவத்தின் பக்கம் நின்றனர். ஆனால் பாடசாலைகளை நடத்தியவரிற் பலரும் அப்பக்கம் நிற்கவில்லை.

இந்நிகழ்ச்சியினின்றும் பெறக்கிடைக்கும் உண்மை கசப்பானது. ஊரார் கொடையால் நடந்த தருமம், ஊரிற் பலமுள்ளோரின் தருமமாகவே நடந்தது. கொடுத்தவர் யாரோ அவர் விருப்பமே சட்டமாயிற்று. அதனை மீறி ஏழைப் பிள்ளைக்கு ஓர் ஆசனம் வாங்கிக் கொடுத்தது அரசாங்கம் விதித்த நிபந்தனையே. ஆகவே நிபந்தனையில்லாத கொடை உயர்ந்தது, நிபந்தனையுள்ள கொடை தாழ்ந்தது என்ற பாகுபாடு நிற்காது. நிபந்தனை யாரைக் காக்கின்றது என்பதே கேள்வி. பயன்பெறுவோரைக் காப்பதாயின் அது அறத்துக்கு வேலி. கொடுப்போருடைய வசதியையும் பெயரையும் காப்பதாயின் அது தளை. ஒரே அரசாங்கம், ஒரே மானிய விதித்தொகுதியில், தூரவிதியினால் தளையையும் சம ஆசன விதியினால் வேலியையும் அமைத்தது என்பதை நோக்குக.

1960ஆம் ஆண்டின் பாடம்

1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின், மாணவரிடம் பணம் பெறும் வழி பெரும்பாலான பாடசாலைகளுக்கு அடைபட்டது. ஆசிரியர் வேதனம் முழுவதும் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. வேதனத்தை ஒருவர் கொடுக்க, நியமனத்தையும் இடமாற்றத்தையும் வேறொருவர் செய்யும் நிலை நெடுங்காலம் நிற்கமுடியாது என்பது அன்றே தெளிவு. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளின் முகாமையை அரசாங்கம் ஏற்பதற்கு 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும், சொத்துகளைப் பொறுப்பேற்பதற்கு 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறின. பெரிய கல்லூரிகளுக்கு மாத்திரம், கட்டணம் பெறாது, அரசாங்கப் பணமும் பெறாது, தனித்து நிற்கும் வழி விடப்பட்டது. அவ்வழியை மேற்கொண்டு நிலைத்தவை பெரும்பாலும் கத்தோலிக்கப் பாடசாலைகளே. கத்தோலிக்கப் பெற்றோர் தம் பாடசாலைகளினுள் அமர்ந்து எதிர்ப்புக் காட்டினர். இந்துக்களிடையே அந்த அளவிலான எதிர்ப்பு எழவில்லை.

இதற்குக் காரணம் பலவாகலாம். அரசியற் காரணமும் உண்டு. முகாமையாளரின் தயவில் வாழ்ந்து சலித்த ஆசிரியரின் மனநிலையும் உண்டு. சமத்துவம் வேண்டியோரின் எதிர்பார்ப்பும் உண்டு. ஆயினும் நிதிமுறையிலேயே அமைந்த காரணம் ஒன்றையும் கூறுதல் வேண்டும். பிடியரிசி கொடுத்த தாய் தன் அரிசி என்னாயிற்று என்று கேட்பாள். கேட்பதற்கு அவளுக்கு உரிமையுண்டு. கேட்கும் பழக்கமும் உண்டு. கொழும்பிலிருந்து வேதனம் வரத்தொடங்கியபின் அவளுடைய அரிசி வேண்டப்படவில்லை. அரிசி வேண்டப்படாதபோது அவளுடைய கேள்வியும் வேண்டப்படாது போயிற்று. முகாமையாளர் திணைக்களத்துக்குக் கணக்குக் காட்டினார், பரிசோதகர் வந்து பார்த்தார், ஊர் பார்வையாளராயிற்று. இவ்வாறு நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், தன்னுடையதல்லாததாய்ப் போனதை அரசாங்கம் எடுக்கும்போது ஊர் பெரிதும் கலங்கவில்லை என்று கருத இடமுண்டு. அரசாங்கம் பாடசாலைகளை எடுத்தது 1960இலே. ஊர் அவற்றை விட்டது அதற்கு முன்னரே.

பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றது தவறு என்று ஈண்டு வாதிக்கவில்லை. வறிய பிள்ளைக்கும் ஏழை ஆசிரியருக்கும் அதனால் விளைந்த நன்மைகள் கண்கூடு. நாம் கூறுவது வேறு. ஒரே ஒருவரிடமிருந்து பொருள் பெறும் நிறுவனம், அவர் கையை மூடும் நாளில் மறைகின்றது. அவர் கையை நீட்டும் நாளில் அவருடையதாகின்றது. இரண்டு வழியிலும் அது தன்னுடையதாக நிற்பதில்லை.

அயல்நாட்டுக் கொடை

இதே பாடத்தைப் பிற்காலத்தில் வேறொரு வடிவிற் காண்கின்றோம். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவருடன், சமூகத்தால் ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த கனதொலுவ என்னும் சிங்களக் கிராமத்துக்குச் சென்று சிரமதானம் செய்தார். அதிலிருந்தே சர்வோதய இயக்கம் வளர்ந்தது. கல்லூரி மாணவர் மண்வெட்டி பிடித்த ஒரு விடுமுறைப் பணி நாடு முழுவதும் பரந்த இயக்கமானது. 1969இல் ஆரியரத்னவுக்கு மக்சேசே விருது கிடைத்தது. 1972இல் இயக்கம் பாராளுமன்றச் சட்டமொன்றினாற் கூட்டிணைக்கப்பட்டது. அங்கீகாரம் இருவகையாலும் வந்தது.

அங்கீகாரத்தைத் தொடர்ந்து பணமும் பெருகியது. ஒல்லாந்து, நோர்வே, கனடா முதலிய நாடுகளின் உதவி நிறுவனங்கள் 1980களின் நடுப்பகுதியில் ஒரு கூட்டமைப்பாகி, பொதுத் திட்டமொன்றின் அடிப்படையிற் சர்வோதயத்துக்கு நிதி வழங்க முற்பட்டன. தனித்தனிக் கொடையாளரைச் சமாளிக்கும் தொல்லை நீங்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் தனித்தனியே கேட்ட கேள்விகளைக் கூட்டாகக் கேட்கும் வலிமையையே அது கொடையாளர்க்கு அளித்தது. அளந்து காட்டக்கூடிய விளைவு வேண்டும். காலத்துக்குக் காலம் அறிக்கை வேண்டும். இந்தப் பகுதி பயனற்றது, அதனைக் குறைக்கவேண்டும் என்ற கோரிக்கைகள் வந்தன. மனிதர் உள்ளத்தை விழிப்பிப்பதே தன் நோக்கம் என்ற இயக்கம், எத்தனை கிணறு, எத்தனை கடன் என்று எண்ணிக் காட்டவேண்டியதாயிற்று. நாளடைவில் உதவி சுருங்கியபோது பலரை வேலையினின்றும் நீக்கவேண்டிய நிலையும் ஏற்பட்டது.

கொடையாளர் பக்கத்தும் நியாயம் உண்டு. அவர்கள் கொடுத்தது தம் நாட்டு மக்களின் வரிப்பணம். அதற்குக் கணக்குக் கேட்பது அவர்தம் கடமை. விரைந்து வீங்கிய நிறுவனத்திற் சீர்கேடு புகுதல் இயல்பே. ஆயின் யாருக்குக் கணக்கு என்பதே இங்கும் கேள்வி. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கடல் கடந்து சென்றது. எந்தக் கிராமத்தைப் பற்றியதோ அக்கிராமத்தார் அதனைப் படித்திரார். கல்வெட்டுக் கோயிற் சுவரை விட்டுக் கப்பலேறிய கதை இது.

இதனிடையே உள்நாட்டு அரசும் ஐயுற்றது. 1990இல் சனாதிபதி ஆர். பிரேமதாச அரசசார்பற்ற நிறுவனங்களை விசாரிக்க ஆணைக்குழு ஒன்றை நியமித்தார். சர்வோதயமே அதன் பார்வைக்கு முதன்மையாக இலக்கானது என்று பலரும் கருதினர். அதே ஆரியரத்னவுக்கு 1996இல் இந்திய அரசாங்கம் காந்தி சமாதான விருதையும், 2007இல் இலங்கை அரசாங்கம் ஸ்ரீலங்காபிமான்ய விருதையும் வழங்கின. 2024இல் அவர் மறைந்தபோது நாடே அஞ்சலி செலுத்தியது. ஒரு காலத்து விசாரணையும் மறுகாலத்து விருதும் ஒரே பணிக்கே கிடைத்தன. பணி மாறவில்லை, ஆட்சியாளரின் மனம் மாறியது. அரசு தரும் புகழ் பணியின் தரத்தை அளக்கும் கோலாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

புதுக்கடையும் பதிவேடும்

தொண்டு நிறுவனத்தைச் சட்டம் எவ்வாறு அறிந்துகொள்கின்றது என்பதையும் நோக்குவாம். கொழும்பில் நீதிமன்றங்கள் நிற்கும் புதுக்கடையிற் பழகிய வழக்கறிஞர் இதனை நன்கறிவர். 1891ஆம் ஆண்டுச் சங்கங்கள் கட்டளைச்சட்டம் ஒரு வழி. 1917இன் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் மற்றொரு வழி. உத்தரவாதத்தினால் வரையறுத்த கம்பெனியாக அமைதல் இன்னொரு வழி. பாராளுமன்றத்தில் தனிச்சட்டம் பெறுதல் வேறொரு வழி. 1980இன் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின்கீழ்ப் பதிதல் பிறிதொரு வழி.

இவற்றுள் 1917ஆம் ஆண்டுச் சட்டத்திலே பழைய கல்வெட்டின் கருத்தோடொத்த ஏற்பாடு ஒன்று உண்டு. சமய நிலையம் ஒன்றின் தருமகருத்தா பொறுப்புத் தவறினால், அந்நிலையத்தில் அக்கறையுடைய ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். அவர் பெருஞ்செல்வராக வேண்டியதில்லை, அதிகாரிகளாகவும் வேண்டியதில்லை, வழிபடுவோராயிருத்தல் போதும். பன்மாகேசுவரரின் காவலை ஐந்து அடியார் கையில் வைத்தது போன்றதே இது. இவ்வுரிமையைப் பகைமைக்கும் பதவிப்போட்டிக்கும் கருவியாக்கிப் பல ஆண்டுகள் வழக்காடிக் கோயிற்பொருளைக் கரைப்போர் உளர் என்பது உண்மையே. உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவோர் இருத்தல் அவ்வுரிமையின் குற்றமன்று.

1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் போக்கு வேறு. அது வறியோர், நோயாளர், அநாதைகள் முதலியோர்க்கு உதவும் அமைப்புகளைப் பதிவுசெய்து மேற்பார்வை செய்ய எழுந்தது. 1998ஆம் ஆண்டுத் திருத்தம், மோசடிக்குச் சான்று காணப்படின் இடைக்கால முகாமைச்சபையை நியமிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. இங்கே கேள்வி கேட்கும் உரிமை பயன்பெறுவோரிடமிருந்து நீங்கி அமைச்சரிடம் சேர்கின்றது. 1996இல் சமூக சேவை அமைச்சின்கீழ்த் தொடங்கிய அரசசார்பற்ற நிறுவனங்களின் செயலகம், 2010இல் பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, பின்னரும் பல அமைச்சுகளிடையே மாறிற்று. ஏழைக்குக் கஞ்சி வார்ப்பவர் பெயரைப் பாதுகாப்பு அமைச்சின் பதிவேட்டில் எழுதுவதன் பொருள் யாது? தொண்டு என்பது நன்றிக்குரியதாக அன்று, ஐயத்துக்குரியதாக அறியப்பட்டது என்பதே அதன் பொருள். வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின்னர்ப் பணிசெய்ய முற்பட்டோர் இவ்வேறுபாட்டின் சுமையை உணர்ந்தனர்.

இது இலங்கைக்கே உரிய குறையன்று. இந்தியாவில் 1976இல் இயற்றப்பெற்று, 2010இல் புதுக்கப்பட்டு, 2020இல் மேலும் இறுக்கப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், அத்தகைய பணம் யாவும் புதுடில்லியிலுள்ள ஒரே வங்கிக் கிளையின் வழியே வரவேண்டும் என்றும், நிருவாகச் செலவு நூற்றுக்கு 20 வீதத்தை மீறலாகாது என்றும் விதிக்கின்றது. இங்கிலாந்திலோ 1601ஆம் ஆண்டின் தருமச் சட்டந்தொட்டு வந்த மரபில், 1853இல் தரும ஆணைக்குழு அமைக்கப்பட்டு, அறநிறுவனங்களின் கணக்கு எவரும் பார்க்கும் பொதுப் பதிவேட்டில் இன்று வைக்கப்படுகின்றது. மேற்பார்வை இரு நாட்டிலும் உண்டு. ஒன்றில் அது அரசின் ஐயத்தினின்றும் பிறந்தது. மற்றொன்றிற் பொதுமக்களின் உரிமையினின்றும் பிறந்தது. விதிகளின் கடுமையை விட அவை பிறந்த இடமே அவற்றின் குணத்தைத் தீர்மானிக்கின்றது.

கொழும்புத் தமிழரின் அனுபவம்

கொழும்பிலே தமிழரின் பொது வாழ்வு பெரிதும் தொண்டு நிறுவனங்களாலேயே கட்டப்பட்டது. கொச்சிக்கடையில் நிற்கும் பொன்னம்பலவாணேசுவரர் கோயில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் தந்தையார் எழுப்பிய கோயிலைக் கருங்கற்றளியாகப் புதுக்கிய ஒரு குடும்பத்தின் கொடை. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் 1902இல் தோன்றிய விவேகானந்த சபை, நாடளாவிய சைவசமயப் பரீட்சையினால் ஊர்தோறும் பிள்ளைகளை இணைத்தது. வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷனும், 57ஆம் ஒழுங்கையிலே 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கமும் உள்ளன. தமிழ்ச் சங்கம் அங்கத்தவர் சந்தாவையும் அன்பர் கொடையையும் கொண்டு மண்டபமும் நூலகமும் எழுப்பியது. ஒரு செல்வரின் கொடை பெருங்கட்டிடத்தை விரைவில் எழுப்பும். பலரின் சந்தா மெல்லவே எழுப்பும். ஆனால் சந்தா செலுத்துபவர் ஆண்டுக்கொருமுறை பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பார். அக்கேள்வி சில வேளை பூசலாகவும் முடியலாம். பூசல் உள்ள சங்கம் உயிருள்ள சங்கம். கேட்பாரற்ற சங்கமே கவலைக்குரியது.

1983 யூலை வன்செயலின்போது பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதிகளின் முகாமாயிற்று. வகுப்பறைகளில் ஆயிரக்கணக்கானோர் தங்கினர். அரிசியும் பாலும் உடையும் மருந்தும் தேடிக் கொணர்ந்தோரிற் பலரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்த விருதுப்பட்டியலிலும் இல்லை. 2004 திசெம்பரில் ஆழிப்பேரலை வந்தபோதும் முதலில் ஓடிச்சென்றவர்கள் அயலூர் இளைஞர்களே. பதாகையும் வாகனமும் பின்னரே வந்தன. அங்கீகாரம் தொண்டுக்கு முன்நிபந்தனையன்று என்பதற்கு இவையே போதிய சான்று. அங்கீகாரம் வேண்டப்படுவது தொண்டு தொடங்குதற்கன்று, தொடர்வதற்கு. தொடரும்போதே பொருள் வேண்டும். பொருள் வரும்போதே காவல் வேண்டும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தொண்டு நிறுவனத்துக்கு வரும் பொருளையும் புகழையும் மதிப்பிடுதற்கு மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. நிபந்தனை பயன்பெறுவோரைக் காக்கின்றதா, கொடுப்போரைக் காக்கின்றதா? பொருள் ஒருவரிடமிருந்து வருகின்றதா, பலரிடமிருந்து வருகின்றதா? கணக்கு யாருக்கு, எம்மொழியில், எவ்விடத்திற் காட்டப்படுகின்றது? இம்மூன்றினுக்கும் நேர்மையான விடை கூறக்கூடிய நிறுவனம் அரசாங்கப் பணம் பெறினும் அடிமையாகாது. அயல்நாட்டுப் பணம் பெறினும் அந்நியமாகாது. விடை கூறமுடியாதது ஊரார் பணத்திலேயே நடப்பினும் அறநிறுவனமாகாது.

இவ்வினாக்கள் நமக்கும் உரியன. அரசாங்கத்தின் பொறுப்பிலுள்ள இந்துக் கல்லூரிகளிலும் இன்று கட்டிடங்களிற் பலவும், விளையாட்டரங்குகளும், புலமைப்பரிசில்களும் பழைய மாணவர் சங்கங்களின் கொடையாலேயே அமைகின்றன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் உள்ள கிளைகள் அனுப்பும் பொருள் சிறிதன்று. வெளிநாட்டுக் கொடையாளரைக் குறைகூறும் நாம், நம்மவர் வெளிநாட்டிலிருந்து கொடையாளராகும்போது அதே குறைகளைச் செய்யாதிருத்தல் வேண்டும். தலைநகரக் கல்லூரியின் மண்டபத்துக்கு மும்முறை வர்ணம் பூசப் பணம் கிடைக்கின்றது. வன்னியிலும் மலையகத்திலும் உள்ள சிறு பாடசாலைக்குக் கழிவறை கட்டப் பணம் கிடைப்பதில்லை. பழைய மாணவர் பலமுடைய கல்லூரிக்கே கொடை செல்லும். பலமற்றோர் பாடசாலைக்கு யார் செல்வர்? முன்வந்தவர்க்கே உதவிய அப்பழைய தூரவிதியை நாமே நம் கையால் மறுபடியும் எழுதுகின்றோமா என்பதைச் சிந்தித்தல் நன்று.

மண்டபத்து வாயிலிலே கொடுத்தவர் பெயரைச் சலவைக்கல்லிற் பொறித்தல் தவறன்று. அது நம் மரபே. ஆனால் சோழர் காலத்துக் கல் பெயரோடு ஆட்டின் தொகையையும் நெய்யின் அளவையும் காவலர் யாவர் என்பதையும் கூறியது. நம் கல் பெயரை மாத்திரம் கூறுகின்றது. பெற்ற தொகை, செலவான தொகை, எஞ்சிய தொகை, பயன்பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஆண்டுதோறும் தமிழில் எழுதி அதே சுவரில் ஒட்டுவதற்குச் சட்டமும் வேண்டா, திணைக்களத்தின் அனுமதியும் வேண்டா. பெற்றோரும் மாணவரும் அதனைப் படித்துக் கேள்வி கேட்பாராயின், வள்ளுவர் வைத்த முறை மீளும்: கடமை முன்னும், கொடை அதன் பின்னும், புகழ் ஈற்றிலுமாக நிற்கும்.